நாற்றைக் காக்கும் இரும்புக் குருணை: மொரிசியஸ் மழையில் எவ்வளவு தாங்கும்?

தைப்பூசக் காவடிக்கு வீட்டுத் தோட்டத்துச் செண்டுப்பூ வேண்டுமென்றால் நவம்பரிலேயே விதை போட்டாக வேண்டும். விதைத்துப் பூக்க எட்டு முதல் பத்து வாரம் ஆகும். இந்தத் தீவில் வெக்கையும் ஈரமும் கைகோக்கத் தொடங்குவதும் அதே நாட்களில்தான். நத்தைக்கு அதைவிட நல்ல பருவம் கிடையாது. மாலையில் இரண்டு இலையோடு நிமிர்ந்து நின்ற நாற்று, காலையில் வெறும் குச்சி. சில இடத்தில் குச்சியும் இருக்காது, வெள்ளி போல மின்னும் பசைக்கோடு மட்டும் கிடக்கும். பெட்சாய், லெட்யூஸ், பீன்ஸ், வெள்ளரி, பூசணி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். மிளகாய் நாற்றையும் விடுவதில்லை. வெங்காயம், பூண்டு பக்கம் மட்டும் அவ்வளவாகப் போகாது.

இதற்குக் கடைகளில் கிடைப்பவற்றில் இரும்புப் பாஸ்பேட் குருணையைத்தான் இங்கே எடைபோடுகிறோம். பழைய மெட்டல்டிஹைடு குருணை, தாமிர நாடா, பீர்க் கிண்ணம் ஆகியவை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்கத் தகுந்த பொருள். ஆனால் நாற்று பாதி போன பிறகு கடைக்கு ஓடுகிறவர்களுக்கு இது உதவாது. நடுவதற்கு மூன்று நாள் முன்பே போடுகிறவர்களுக்குத்தான் போட்ட காசுக்குப் பலன்.

முதலில், தின்றது யார் என்று பார்த்துவிடுங்கள். தண்டு மண்மட்டத்தில் அறுபட்டு, இலை தின்னப்படாமல் பக்கத்திலேயே சாய்ந்து கிடந்தால் அது பெரும்பாலும் வெட்டுப்புழு. நத்தை மருந்து அதை ஒன்றும் செய்யாது. விரலால் நாற்றடி மண்ணைக் கிளறினால் சுருண்ட புழு அகப்படும். இலையில் ஒழுங்கில்லாத ஓட்டைகள், கந்தலான ஓரம், பக்கத்தில் பசைக்கோடு என்றால்தான் நத்தை. சந்தேகமிருந்தால் நனைத்த சாக்கையோ ஒரு பலகைத் துண்டையோ மாலையில் பாத்தியோரம் போட்டுவைத்து, காலை ஆறு மணிக்குப் புரட்டிப் பாருங்கள். அடியில் எத்தனை, எந்த வகை என்று தெரிந்துவிடும். வகை தெரிவது முக்கியம். காரணம் பின்னால் வருகிறது.

இனி பெட்டியை எடுப்போம். முன்பக்கத்தில் ஒரு லிமாஸ், அதாவது ஓடில்லா நத்தையின் படமும் பெரிய எழுத்தில் 'ஆந்தி-லிமாஸ்' என்ற பெயரும் இருக்கும். அது எதையும் சொல்லாது. நிறத்தையும் நம்ப வேண்டாம். பறவைகள் தீண்டாமலிருக்க இரண்டு வகைக் குருணைக்கும் நீலச்சாயம் ஏற்றுவதுண்டு. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மருந்துப் பொருளின் பெயர் இருக்கும். பிரெஞ்சில் என்றால் 'ஃபொஸ்ஃபாத் ஃபெரீக்', ஆங்கிலத்தில் 'ஃபெரிக் பாஸ்பேட்'. 'மெட்டல்டிஹைடு' என்று இருந்தால் அது வேறு சரக்கு. பெயருக்குப் பக்கத்திலேயே எத்தனை சதவீதம் என்றும் போட்டிருக்கும். அதை வாசிக்காமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம். தவறு தொடங்குவதும் அங்கேதான்.

ஏனென்றால் இரும்புக் குருணை ஒரே வீரியத்தில் வருவதில்லை. வீட்டுத் தோட்டத்துக்கென்று வருவதில் பெரும்பாலும் 1 சதவீதம்தான், அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 10 கிராம் மருந்து. அதற்கு அளவு சதுர மீட்டருக்கு 5 கிராம். விவசாயிகளுக்கான மூட்டைகளில் 3 சதவீதத்தை ஒட்டிய வகைகளும் உண்டு. அவற்றுக்குச் சதுர மீட்டருக்கு ஒரு கிராம்கூட வேண்டாம். அந்த மூட்டையைப் பங்கு பிரித்து வாங்கிவிட்டு, வீட்டுப் பெட்டியின் அளவில் தூவினால் ஏழு மடங்கு குருணையை மண்ணில் கொட்டுகிறோம். நத்தை சாவதோடு நிற்காது, மண்புழுவுக்கும் கேடு.

5 கிராம் என்பது கண்ணுக்கு மிகக் குறைவாகத் தெரியும். 'இவ்வளவுதானா' என்று கை தானாக இன்னொரு பிடி அள்ளும். அடுக்களைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, எந்தக் கரண்டியில் எவ்வளவு பிடிக்கிறது என்று குறித்துவையுங்கள். ஒரு தேக்கரண்டி தலைதட்டி எடுத்தால் பொதுவாக 4 முதல் 5 கிராம் வரும். 1.2 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளமுள்ள பாத்தி 6 சதுர மீட்டர். ஒரு தடவைக்கு 30 கிராம் போதும். நடுவதற்கு முன் ஒன்று, பிறகு வாரம் ஒன்றாக இரண்டு, ஆக மூன்று தடவைக்கு 90 கிராம். 500 கிராம் பெட்டி அப்படிப்பட்ட ஐந்து நடவைத் தாங்கும். கிலோ விலையில் பார்த்தால் மெட்டல்டிஹைடைவிட இது கூடுதல்தான். ஆனால் முழுத் தோட்டத்துக்கும் ஆண்டு முழுதும் தூவும் பொருளல்ல இது. நாற்று இருக்கும் மூன்று வாரத்துக்கு, நாற்று இருக்கும் பாத்திக்கு மட்டும். அப்படிக் கணக்குப் போட்டால் விலை உறுத்தாது.

போடும் முறையில் நான்கு இடத்தில் சறுக்குகிறது. குவியலாக வைப்பது முதல் தவறு. நத்தை குவியலைத் தேடி வராது, போகும் வழியில் தட்டுப்படுவதைத்தான் தின்னும். குவியலைத் தேடி வருவது நாய். ஒரு குருணைக்கும் அடுத்ததற்கும் ஐந்தாறு சென்டிமீட்டர் இருக்கும்படி விதை தூவுவது போல வீச வேண்டும். இரண்டாவது, நாற்றைச் சுற்றி வளையமாகப் போடுவது. இது நத்தையை நாற்றின் காலடிக்கே விருந்துக்கு அழைப்பது போல. பாத்தி முழுதும், பாத்திக்கு வெளியே ஒரு முழம் வரைக்கும் தூவுங்கள். மூன்றாவது, காலையில் போடுவது. நத்தை மேய்வது இரவில். காலையில் போட்ட குருணை பகல் வெயிலில் காய்ந்து கெட்டியாகும், மைனாவின் கண்ணிலும் படும். சூரியன் இறங்கிய பின், மண் ஈரமாக இருக்கும்போது போடுங்கள். ஈரமில்லாவிட்டால் முன்பே லேசாகத் தெளித்துவிட்டுப் போடலாம். நான்காவது, பெருமழைக்கு முன் போடுவது.

அந்த நான்காவதுதான் மொரிசியஸில் பெரிய கேள்வி. குருணை என்பது தானிய மாவு உருண்டை. அதற்குள் இரும்புப் பாஸ்பேட்டும், பல தயாரிப்புகளில் இரும்பைக் கரையச் செய்யும் ஈ.டி.டி.ஏ. போன்ற துணைப்பொருளும் இருக்கும். துணைப்பொருள் இல்லாத வெறும் இரும்புப் பாஸ்பேட்டால் நத்தைக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. தூறலில் இந்த உருண்டை ஊறிப் பருக்கும், ஆனால் உருக்குலையாது. ஊறிய நிலையில்தான் நத்தைக்கு இன்னும் பிடிக்கும். கியூர்பீப், வாக்குவா பக்கத்துச் சாரலுக்கு இது நன்றாகவே ஈடுகொடுக்கிறது. கொட்டும் மழை வேறு விஷயம்: மேட்டுப் பாத்தியிலிருந்து அடித்துக்கொண்டு போய் வாய்க்காலில் சேர்த்துவிடும். புயல் எச்சரிக்கை ஏறியிருக்கும் நாளில் பெட்டியைத் திறக்காதீர்கள். ஓய்ந்த மறுநாள் மாலை போடுங்கள். அன்றைக்குத்தான் நத்தையும் கூட்டமாக வெளியே வரும். வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஜனவரியில் நான்கைந்து நாளில் குருணை மேல் வெள்ளைப் பூஞ்சணம் படரும். பூஞ்சணம் பிடித்ததை நத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. பெட்டியில் இரண்டு வாரம் என்று எழுதியிருந்தாலும் அந்த மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல் மார் பக்கத்து மணல் மண்ணில், வறண்ட மாதங்களில், அந்தத் தொல்லை இல்லை.

போட்ட மறுநாள் பாத்தியில் ஒரு பிணமும் கிடக்காது. 'மருந்து வேலை செய்யவில்லை' என்ற புகாரில் பாதிக்கு மேல் இதனால் வருவது. மெட்டல்டிஹைடு தின்ற நத்தை அங்கேயே பசையைக் கக்கிச் சுருண்டு கிடக்கும். கண்ணால் பார்க்கலாம், மனசுக்கும் திருப்தி. இரும்பு தின்ற நத்தைக்கு வயிறும் செரிமானச் சுரப்பியும் கெட்டுத் தீனி நின்றுபோகும். அது ஏதாவது மண்பொந்தில், சட்டிக்கடியில் ஒதுங்கி மூன்று முதல் ஆறு நாளில் சாகும். ஆகவே பிணத்தை எண்ணாதீர்கள், புதுக் கடியை எண்ணுங்கள். நான்கு இலையில் பேனாவால் சின்னப் புள்ளி வைத்துவிட்டு மூன்று நாள் கழித்துப் பாருங்கள். ஓட்டை பெரிதாகவில்லை என்றால் மருந்து வேலை செய்கிறது. சாகவே மூன்று நாளுக்கு மேல் ஆகும் என்பதால்தான் நடுவதற்கு மூன்று நாள் முன்பே போடச் சொல்வது. நேரடியாக விதைக்கிற பீன்ஸ், பூசணிக்கு விதைத்த அன்றே போட்டுவிடலாம்; முளை மண்ணைப் பிளந்து வரும்போது களம் காலியாக இருக்கும்.

இப்போது வகை விஷயம். சாம்பல் நிறத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு லிமாஸ்களுக்கும், குட்டி நத்தைகளுக்கும் இந்தக் குருணை நன்றாகப் பிடிக்கிறது. கரும்பழுப்பாக, தட்டையாக, முதுகு நடுவில் வெளிறிய கோட்டோடு, தொட்டால் தோல்செருப்பு போல இருக்கும் பெரிய ஓடில்லா நத்தை ஒன்று உண்டு. பகலில் மண்ணுக்குள் போய்விடும், மற்றவை அளவுக்குப் பசைக்கோடும் விடாது. அதற்குக் குருணையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கூர்ப்பா என்று இங்கே சொல்லும் பெரிய ஓட்டு நத்தையும் அப்படித்தான். கைமுட்டி அளவு ஆப்பிரிக்க நத்தைக்குச் சிறு லிமாஸின் ஒரு வாய்த் தீனி எந்த மூலைக்கு? ஓடு ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டியவற்றைக் கையால் பொறுக்குவதுதான் வழி.

கூர்ப்பாவுக்கு நம் தீவோடு ஒரு பழைய கதை உண்டு. 1847-ல் பென்சன் என்ற நத்தை ஆர்வலர் இங்கிருந்து உயிரோடு சிலவற்றைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார். அவை சௌரங்கித் தோட்டமொன்றில் விடப்பட்டன. இந்தியாவில் இந்த நத்தை காலூன்றிய கதை அங்கே தொடங்குகிறது. அதை ஒழிக்கவென்று 1960களில் இங்கே இறக்கிய அமெரிக்க வேட்டை நத்தை, கூர்ப்பாவை விட்டுவிட்டு இந்தத் தீவுக்கே உரிய சின்னஞ்சிறு நத்தைகளைத் தின்று தீர்த்தது. காட்டோரத் தோட்டக்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளட்டும்: எந்த நத்தைக் குருணைக்கும் ஊர் நத்தை, வந்தேறி நத்தை என்ற பேதம் தெரியாது. பாத்தியைத் தாண்டிப் புதர்ப் பக்கம் தூவ வேண்டாம்.

பொறுக்குவதற்கு நேரம், பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரம் கழித்து. டார்ச், கையுறை, மூடி போட்ட வாளி, வாளியில் நாலு விரற்கடை உப்புத் தண்ணீர் அல்லது சோப்புத் தண்ணீர். கையுறை கட்டாயம். எலியிடமிருந்து நத்தைக்கு வரும் ஒருவகை நுண்புழு இந்தத் தீவுகளில் உண்டு. அது மனித உடலுக்குள் போனால் மூளையுறை அழற்சி வரலாம். வெறுங்காலால் மிதித்து நசுக்குவது, குழந்தைகளிடம் 'பொறுக்கு' என்று சொல்வது இரண்டும் கூடாது. பச்சையாகத் தின்னும் லெட்யூஸை இலை இலையாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். குட்டி லிமாஸ் மடிப்புக்குள் ஒட்டியிருக்கும். பொறுக்கும்போது சட்டியடி, கல்லடி மண்ணையும் பாருங்கள். கூர்ப்பா ஒரு ஈட்டில் நூறு, இருநூறு முட்டை சர்வசாதாரணமாக இடும். மஞ்சள் கலந்த வெள்ளையில் மிளகைப் போன்ற உருண்டைகள். இரண்டு வாரத்துக்குள் பொரித்துவிடும். ஒரு முட்டைக் குவியலை எடுத்துப்போட்டால் எத்தனை இரவு வேலை மிச்சம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நாய் வளர்க்கிற வீட்டில் மெட்டல்டிஹைடு வேண்டவே வேண்டாம். நாய் வளர்க்காத வீட்டிலும் யோசியுங்கள். நம் ஊர்த் தெருநாய்க்கு வேலி ஒரு பொருட்டா? மாவு வாசனைக்கு நாய் தின்னும். சில மணி நேரத்தில் நடுக்கம், வலிப்பு, உடல் சூடு. இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். ஈரமான வானிலையில் மெட்டல்டிஹைடு தின்ற நத்தை நீரை உறிஞ்சித் தேறி எழுந்துபோவதும் உண்டு, அதாவது நமக்கு எப்போது தேவையோ அப்போது அது பலவீனம். பிரிட்டனில் 2022 ஏப்ரல் முதல் வெளித்தோட்டத்தில் அதற்குத் தடை. அடுத்த தீவு ரீயூனியன் பிரெஞ்சு மண். 2019 ஜனவரி 1 முதல் அங்கே வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு ரசாயனப் பூச்சிக்கொல்லி விற்கக் கூடாது, இரும்புப் பாஸ்பேட் அந்தத் தடைக்குத் தப்பியவற்றில் ஒன்று. அதற்காக இரும்புக் குருணையைப் 'பாதுகாப்பானது' என்று கண்ணைமூடிச் சொல்லவும் முடியாது. தூவிய அளவால் நாய்க்கு ஒன்றும் ஆகாது. முழுப் பெட்டியையும் கடித்துத் தின்றால் இரும்பு நஞ்சாகும்.

தாமிர நாடாவுக்குக் கொடுக்கும் காசு வீண் என்பது எங்கள் கணிப்பு. தாமிரத்தைத் தொட்டால் நத்தைக்கு மின்னதிர்ச்சி போல இருக்கும் என்று அட்டையில் எழுதியிருக்கும். பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2018-ல் தாமிர நாடா, கூர்மணல், பைன் மரப்பட்டை, கம்பளி உருண்டை, முட்டை ஓடு ஐந்தையும் லெட்யூஸ் வைத்துச் சோதித்தது. எதுவும் போடாத செடிக்கும் இவை போட்ட செடிக்கும் கடியில் வித்தியாசமில்லை. இங்கே உப்புக்காற்றில் நாடா சில வாரத்திலேயே கறுத்தும் போகும். முட்டை ஓட்டை உரக்குழியில் போடுங்கள், அங்கே அதற்கு வேலை இருக்கிறது.

பீர்க் கிண்ணம் வேலை செய்யும், ஆனால் வேலை வாங்கும். நத்தையை இழுப்பது சாராயமல்ல, ஈஸ்ட் வாசனை. பீருக்குப் பதில் ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி ரொட்டி ஈஸ்ட் கலந்து அரைமணி நேரம் வைத்தால் போதும். கிண்ண விளிம்பு மண்ணுக்கு மேலே 2 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். மண்மட்டத்தில் வைத்தால் நத்தை முட்டையைத் தின்னும் நல்ல வண்டுகள் விழுந்து சாகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி நிரப்ப வேண்டும், மழை பெய்தால் அன்றே. தோட்டம் முழுதையும் காக்காது. எத்தனை நத்தை இருக்கிறது என்று அளந்து பார்க்க நல்ல கருவி.

நத்தைப் புழு என்று ஐரோப்பாவில் விற்கும் உயிர்மருந்தைப் பற்றி லண்டன் உறவினர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது குளிர்ந்த மண்ணுக்கானது. நம் கோடைமண்ணின் சூட்டில் பிழைக்காது. பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லாதீர்கள், உயிருள்ள பொருளை அனுமதியின்றிக் கொண்டுவருவது குற்றமும்கூட.

காசில்லாமல் செய்யக்கூடியதில் ஒன்று குருணைக்குச் சமமாக நிற்கும்: நாற்றுத்தட்டைத் தரையில் வைக்காமல் மேசையில் வைப்பது. எறும்புக்குப் பயந்து பால்சட்டியைத் தண்ணீர்த்தட்டில் வைப்போமே, அதே உத்தி. மேசையின் நான்கு காலும் நான்கு கிண்ணத்தில் நிற்கட்டும். வெறும் தண்ணீர் வேண்டாம். 2005-06 சிக்குன்குனியாவைப் பார்த்த ஊரில் தேங்கிய நீருக்கு விளக்கம் தேவையில்லை. கெட்டியான உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள், கொசு முட்டையிட்டாலும் தேறாது. மேசை சுவரையோ செடியையோ தொடக்கூடாது. ஒரு கொடி சாய்ந்திருந்தால்கூட அதுவே பாலம். தட்டின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். தட்டோடு ஏறிவந்த ஒரு லிமாஸ் ஒரே இரவில் நாற்பது நாற்றை மொட்டையடிக்கும்.

கரும்புச் சோகை பரப்புகிறவர்களுக்கு ஒரு சொல். மண் ஈரம் காக்கச் சோகைக்கு நிகரில்லை, நத்தை தங்கவும் அதற்கு நிகரில்லை. நாற்று ஒரு சாண் உயர்ந்து, தண்டு கெட்டிப்பட்டு, ஆறு இலை விட்ட பிறகே சோகையைப் பரப்புங்கள். அதுவரை பாத்தி வெறும் மண்ணாகவே இருக்கட்டும். தண்ணீரைக் காலையில் ஊற்றினால் இரவுக்குள் மேல்மண் உலர்ந்துவிடும். மாலையில் ஊற்றினால் நத்தைக்கு நாமே சாலை போட்டுக் கொடுத்தது போல.

சோகை பரப்பிய நாளோடு குருணையையும் நிறுத்திவிடலாம். மிஞ்சியதைப் பால்மாவு டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். தின்பண்டம் என்று குழந்தை கைவைக்கும், அளவு எழுதிய பெட்டியும் குப்பைக்குப் போய்விடும். வாங்கிய பெட்டியோடே, வாயை மடித்துக் கட்டி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் வாளிக்குள் உயரத்தில் வையுங்கள். அடுத்த நவம்பரில் திறக்கும்போது குருணை ஒன்றோடொன்று ஒட்டி, புளித்த வாடை வீசினால் அதைத் தூவிப் பயனில்லை, புதுப்பெட்டி வாங்குங்கள்.